பிரேக் மாஸ்டரின் குரல்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட அதே நாளில்தான் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். ஒருத்தர் எழுந்து வந்தால் இன்னொருத்தர் விழ வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஏதாவது சட்டம் இருக்கிறதோ என்னவோ.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். படிக்க வருகிறவர்கள் அவரை பிரேக் மாஸ்டர் என்பார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் "பிரேக்! பிரேக்!" என்று போடுகிற சத்தத்தில், சம்பந்தமே இல்லாமல் எதிரே சைக்கிளில் வருகிறவன்கூட நின்றுவிடுவான். அப்பேர்ப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார்கள் டாக்டர்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு யோசனை சொன்னாள். "சார், நீங்க தினமும் வீட்டுல என்னென்ன பேசுவீங்களோ, அதெல்லாத்தையும் உங்க குரல்லயே பதிவு பண்ணி வச்சுக்குங்க. அப்புறம் போன் மாதிரி ஒரு சின்னக் கருவில நாங்க ஏத்தித் தந்துடுவோம். பட்டனைத் தொட்டா நீங்களே பேசுற மாதிரி இருக்கும்." அப்படிப் பதிவு செய்யாவிட்டால் மெஷின் குரல்தானாம். அதையும் போட்டுக் காட்டினாள். கேட்டதும் இவர் முகம் சுண்டைக்காய் தின்ற மாதிரி ஆகிவிட்டது.

"நியூஸ் படிக்கிறவன் மாதிரி இருக்கான். இவன் சொல்லி எவன் பிரேக் பிடிப்பான்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மைக்கை வாங்கி மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்காருகிறேனே என்று கேட்டதற்கு, "வேண்டாம் தாயே, நீ இருந்தா உன் குரல்தான் பதிவாகும்" என்று துரத்திவிட்டார். என்ன பேசினார், எத்தனை பேசினார், எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சேருகிறவரை கரகரவென்று கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஆபரேஷன் முடிந்தது. அந்தத் தொண்டையிலிருந்து இனி ஒரு சத்தம் வராது. அவர் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தது மட்டும்தான்.

அதைத்தான் அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வையம்மா என்று என் மகள் வெளியூரிலிருந்து போன் போட்டு எத்தனையோ தடவை சொன்னாள். நானும் ஆகட்டும் ஆகட்டும் என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்துவிட்டேன். அவர் வருகிற அன்று காலையில்தான் போய் உட்கார்ந்தேன். பெட்டியைப் போட்டால், 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று வந்தது. சரி, ஆகட்டும் என்று அவர் படுக்கைக்கு விரிப்பு மாற்றினேன். கஞ்சி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. போய்ப் பாத்ரூமைக் கழுவிவிட்டு வந்தேன். அப்போதும் அதே வட்டம். அவர் கிளம்பிவிட்டார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். என் கை நேராகப் போய்ப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

பெட்டி அணைந்தது. மறுபடி போட்டேன். திரை முழுக்க நீலமாகி, நடுவில் ஓர் அழுமூஞ்சி வந்தது. கொஞ்ச நேரம் அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். அப்புறம் தானே அணைந்து, தானே எழுந்து, 'பழுது பார்க்கிறேன்' என்றது. மறுபடி அழுமூஞ்சி.

மகளுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலடி. பட்டனை அமுக்கினேன்."

"அப்டேட் ஓடிட்டிருக்கும்போதா?"

"எங்க ஓடுச்சு? நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு!"

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சரி விடு. அப்பா பேசினதெல்லாம் வேற எதுலயாவது இருக்கா?"

இல்லை என்று இழுத்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் மகள் பேசாமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குத் தெரியும். என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே.

"அப்பாகிட்ட இப்ப சொல்லிடாதம்மா. டென்ஷன் ஆகி இருமல் வந்துச்சுன்னா தையல் பிரிஞ்சுடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீ எதையும் தொடாத."

தொடாதே என்றால் கை கேட்கிறதா? பெட்டியைக் கழற்றிக் காய்கறி வாங்குகிற தள்ளுவண்டியில் வைத்து, தெருமுனையில் இருக்கிற ரிப்பேர் கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஏத்திடலாம்மா. சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க."

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"அது போயிடும்."

பாத்திரத்தில் ஒட்டியதைச் சொல்கிற மாதிரி சொன்னான். "எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காருப்பா" என்று சொல்ல வந்தேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்வானே என்று, வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து வயரையெல்லாம் மாட்டி முடிக்கவும் கார் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கழுத்தில் துளை, அதில் ஒரு சின்னக் குழாய், அதன்மேல் வெள்ளைத் துணி. ஆளே பாதியாகிவிட்டார். உள்ளறையில் படுக்க வைத்தேன். கூப்பிடுவதற்குக் கட்டில் கம்பியில் தட்ட ஒரு கரண்டியும், எழுதிக் காட்ட ஒரு சிலேட்டும் கையில் கொடுத்தேன். தண்ணீர் கேட்கப் போகிறார் என்று பார்த்தால், சிலேட்டை வாங்கி முதல் காரியமாக எழுதினார்.

'காப்பி எடுத்தியா?'

"ஆச்சுங்க, அப்பவே ஆச்சு. நீங்க கண்ணை மூடிப் படுங்க."

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன பொய்களில் அவர் நம்பியதாக ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் தலையணையைத் தட்டிச் சரி செய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் என் கொழுந்தன் வந்தார், தோளில் ஒரு பை நிறைய வயரோடு. அவர் எதற்கும் தெரியாது என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. மிக்ஸி கெட்டாலும் அவருக்குத் தெரியும், முதுகு பிடித்தாலும் தெரியும். நன்றாக இருந்த எங்கள் மிக்ஸி இப்போது பரணில் இருப்பதும் அதனால்தான். அவர் இல்லாத இடத்தில் நாங்கள் அவரை ஏகாம்பரம் என்போம், எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். ஆனால் அன்றைக்கு எனக்கு அவரை விட்டால் நாதியில்லை. என் மகளும் அவருக்குப் போனில் வழி சொல்லியிருந்தாள். பெட்டிக்குள் இருப்பதைத் தொடாமல், பென் டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை எழுப்பி, உள்ளே இருக்கிறதை முதலில் வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும், பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம்தான் என்று.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா அண்ணி? உங்க பொண்ணு எனக்கே கிளாஸ் எடுக்குறா."

"மெதுவாப் பேசுங்க தம்பி. அவரு முழிச்சிட்டிருக்காரு."

"மெதுவாத்தானே பேசுறேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கிசுகிசுத்தார். அண்ணனும் தம்பியும் ஒரே தொண்டை.

பென் டிரைவைச் செருகி, பெட்டியைப் போட்டு, கோழி கொத்துகிற மாதிரி ஒரு கீயைக் கொத்தினார். அழுமூஞ்சி வந்தது. அணைத்து, வேறு கீயைக் கொத்தினார். அழுமூஞ்சி. "ஒவ்வொரு கம்பெனிக்கு ஒவ்வொரு கீ அண்ணி, அதான்." மூன்றாவது கீக்கும் அதே மூஞ்சி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க, நம் வீட்டில் துக்கம் என்று யாரோ முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம். ஓடினேன். சிலேட்டில், 'அவன் ஏன் வந்தான்?'

"உங்களைப் பார்க்கத்தான்."

'என்னைப் பார்க்கவே இல்லையே.'

"பார்ப்பாரு, பார்ப்பாரு. டீ போட்டுட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போய் அடுப்பில் தண்ணீரை வைத்தேன். அதற்குள் அந்தப் பக்கமிருந்து, "அண்ணி! வந்துருச்சு!"

ஓடினேன். திரையில் வேறொரு படம், வேறொரு முகம். எங்கள் பெட்டி மாதிரியே இல்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து நம் வீட்டைப் பார்க்கிற மாதிரி, எங்கள் கோப்புகள் எல்லாம் அங்கே வரிசையாகத் தெரிந்தன. பேத்தி பிறந்தபோது எடுத்த படங்கள், கரண்ட் பில், நான் எழுதி வைத்த சமையல் குறிப்பு. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. கொழுந்தன் கொண்டுவந்த தனி டிஸ்கைச் செருகி ஒவ்வொன்றாக அதில் இழுத்துப் போட்டார்.

"அண்ணன் பேசினது எங்க இருக்கு?"

"'மாஸ்டர்'னு ஒரு ஃபோல்டர். இதுக்குள்ளதான் இருக்கும். நான் ஒரு தடவை பார்த்தேனே."

இல்லை. அதற்குள் இல்லை. மேலே இல்லை, கீழே இல்லை. தேடுகிற கட்டத்தில் பேரைப் போட்டுத் தேடினார். ஒன்றும் இல்லை என்றது. எழுத்து தப்போ என்று மறுபடி போட்டார். மறுபடியும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க எதையாச்சும் அழிச்சீங்களா அண்ணி?"

"நான் எதுக்குய்யா அழிக்கப் போறேன்?"

"இல்ல, கண்ணுல படறதையெல்லாம் சுத்தம் பண்ணுவீங்களே."

"வீட்டைத்தான் சுத்தம் பண்ணுவேன்! அவரு குரலையா சுத்தம் பண்ணுவேன்?"

சத்தம் போட்டுவிட்டேன். உள்ளறையில் கட்டில் கிறீச்சென்றது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆபீஸில் மீட்டிங்கில் இருந்திருப்பாள்.

நாளைக்கு அந்தப் பெண் முன்னால் போய் உட்கார்ந்து என்ன சொல்வேன்? அதை விடுங்கள். இவரிடம் என்ன சொல்வேன்? உங்கள் தொண்டையை டாக்டர் எடுத்தார், மிச்சத்தை நான் எடுத்தேன் என்றா? பதில் சொல்லக்கூட அவருக்கு வாய் இல்லையே. திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம். திட்ட முடியாத மனுஷனிடம் எப்படிப் போய் நிற்பது?

கொழுந்தன் மட்டும் சோர்ந்துபோகவில்லை. அவரைச் சும்மா சொல்லக்கூடாது. அங்கே தட்டி இங்கே தட்டி, மறைந்திருப்பதையெல்லாம் காட்டு என்று எதையோ அமுக்கினார். "ஓஹோ! கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி."

"கிடைச்சுதா?"

"ஏன் படுத்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். டிஸ்க்ல இடமே இல்ல. மூச்சு விட இடமில்லாமத்தான் அப்டேட் நடுவுல நின்னுடுச்சு. இங்க பாருங்க, குப்பைத்தொட்டி. அதுலயே மலை மாதிரி சேர்ந்து கிடக்கு. இதைக் காலி பண்ணினா பெட்டி தானா எழுந்துடும். எழுந்தா அந்த ஃபோல்டரும் பேர் தெரிஞ்சு வந்து நிக்கும். காலி பண்ணிடட்டுமா?"

குப்பை என்ற வார்த்தை என் காதில் விழுந்தால் எனக்கு யோசனையெல்லாம் கிடையாது. "குப்பையைக் கேட்டுக்கிட்டா கொட்டுவாங்க? கொட்டுங்க!"

டங்! டங்! டங்!

உள்ளேயிருந்து கரண்டிச் சத்தம். தண்ணீர் கேட்கிற சத்தம் இல்லை, வீடு தீப்பிடித்த சத்தம். நான் திரும்புவதற்குள் அவரே அறை வாசலில் வந்து நின்றார். ஒரு கை கழுத்துத் துணியில், ஒரு கையில் கரண்டி. சிலேட்டைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார். வாய் திறந்து திறந்து மூடியது. காற்று மட்டும் குழாய் வழியாக உஸ் உஸ்ஸென்று வந்தது. அந்த வாயின் அசைவு எனக்குத் தெரியும். காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்கிற அதே இரண்டு சொல்.

"என்னங்க, ஏன் எழுந்து வந்தீங்க? உட்காருங்க, இருமல் வந்துடப் போகுது!"

அவர் என்னைக் கவனிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் இருந்த பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியைத் தூக்கினார். தள்ளாடிக்கொண்டே வந்து, கீபோர்டு மேல் தொப்பென்று வைத்தார். ஆரஞ்சுத் தோல் ஒன்று உருண்டு கொழுந்தன் மடியில் விழுந்தது.

"பாத்தீங்களா, அண்ணனும் அதைத்தான் சொல்றாரு. இந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடுங்கறாரு" என்றார் கொழுந்தன். கை மட்டும் மவுஸைத் தேடி மறுபடி நகர்ந்தது. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது.

அவர் கரண்டியால் அந்தக் கையில் ஒன்று போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்துக்கொண்டே குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டார். அடியில் விரித்திருந்த பேப்பரை விலக்கி, எதையோ எடுத்து என் கண்ணெதிரே ஆட்டினார்.

எங்கள் வீட்டு மாற்றுச் சாவி.

அந்தச் சாவியை அவர் எப்போதும் அங்கேதான் வைப்பார். எந்தத் திருடனும் குப்பையில் கை விட மாட்டான் என்பது அவர் சித்தாந்தம். ஒரு தடவை நான் தெரியாமல் குப்பையோடு கொட்டிவிட்டு, தெருத்தொட்டியில் தலைகீழாகத் தொங்கி எடுத்து வந்தேன். அன்றைக்கும் அவர் புத்தி மாறவில்லை. 'நீதானே கொட்டினே, திருடன் இல்லையே' என்று எனக்கே வாதம் செய்தவர்.

"தம்பி, கையை எடுங்க! அந்தப் பக்கமே போகாதீங்க! உங்க அண்ணன் எல்லாத்தையும் அந்தக் குப்பைக்குள்ளதான் வச்சிருக்காரு!"

"குப்பைத்தொட்டியில யாராவது வைப்பாங்களா அண்ணி?"

"சாவி வைக்கிறவரு வைப்பாரு!"

'வேண்டாம்' என்பதை நானே அமுக்கினேன். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் விழுந்தது. பிறகு கொழுந்தன் அந்தக் குப்பைக்குள் போனார். உள்ளே எல்லாம் பேர் மாறி, வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாகக் கிடந்தன. தேடினபோது அகப்படாமல் போனதும் அதனால்தானாம். ஒவ்வொன்றாகத் திறந்தார். பழைய விளம்பரம், மங்கலான போட்டோ, மறுபடி விளம்பரம். என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடி வலித்தது.

அடுத்த ஃபோல்டரைத் திறந்தார் கொழுந்தன். வரிசையாகச் சின்னச் சின்ன ஒலிக் கோப்புகள். ஒன்றைத் தட்டினார்.

"பிரேக்! பிரேக்! காலை எடுக்காத!"

மூன்று பேரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தோம். அவர்கூடத்தான். கொழுந்தனின் கால் மேசைக்கடியில் தரையை அழுத்தி மிதித்ததை நான் பார்த்தேன்.

"முதல்ல காப்பி எடுங்க தம்பி. கேக்குறது அப்புறம்."

தனி டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று என்று எடுக்க வைத்தேன். போதும் அண்ணி என்றார். போதாது என்று மகளுக்கும் ஒன்று அனுப்ப வைத்தேன். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தேன். அவரையும் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

கொழுந்தன் அடுத்ததைத் தட்டினார். "தாத்தா பேசுறேன். சாப்டியாடா கண்ணு?" அடுத்தது: "போனை வச்சுட்டு வா, சோறு ஆறுது." அது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது: "வந்துட்டான்யா, எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்!"

கொழுந்தனின் கை மவுஸ் மேலேயே நின்றது.

"இது யாரைண்ணே?" என்று கேட்டார் கொழுந்தன்.

அவர் கூரையைப் பார்த்தார். நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினேன். குப்பைக்குள் ஏன் ஒளித்து வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தம்பி வந்து இந்தப் பெட்டியைக் குடைவார் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார். சாவியைப் போல இதையும் நான் தானாகத் தேடி எடுத்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். கொழுந்தன் அண்ணனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நல்லா தெளிவா பதிவாகியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்ததைத் தட்டினார். பெரிய மனசுதான்.

"ஏய், அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சிட்டேங்க" என்றேன்.

வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. எத்தனை வருஷத்துப் பழக்கம். சொன்ன பிறகுதான், பதில் சொன்னது பெட்டிக்கு என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் தோள் இரண்டும் குலுங்கியது. இருமலோ என்று பதறினேன். இல்லை, சிரிக்கிறார். ஒரு சத்தமும் இல்லாமல், கண்ணில் தண்ணீர் வர வரச் சிரிக்கிறார். முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர் மூக்கை உறிஞ்சப் பார்த்தார். அவருக்கு இப்போது மூக்கால் மூச்சு கிடையாது, வாசனையும் தெரியாது. ஆனால் சமையலறைப் பக்கம் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகம் இருந்தது. கையை நீட்டித் தம்பியிடமிருந்து மவுஸை வாங்கி, அதே கோப்பை மறுபடி தட்டினார்.

"ஏய், அடுப்பை அணைச்சியா?"

டீக்கு வைத்த தண்ணீர்!

பாத்திரம் கரிந்த நாற்றம் அப்போதுதான் எனக்கு எட்டியது. நான் எழுந்து ஓடினேன். பின்னாலிருந்து அவர் குரல் இன்னொரு தடவை துரத்தியது.